டாக்டரம்மாவின் வலது கால்

சைதாப்பேட்டையில் ஜட்காக்காரன் மகனாகப் பிறந்து, மூன்றாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கி எறிந்தவன் நான். அப்படிப்பட்டவன் என்னென்ன கட்டினேன் என்று கேளுங்கள். தியாகராய நகரில் முள்ளு மண்டிக் கிடந்த மனையில் தகரம் போட்டு ஒரு பட்டறை கட்டினேன். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பட்டணத்துக் கார்களெல்லாம் கோணி போர்த்திக்கொண்டு தூங்கியபோது, பழைய எண்ணெய் டிரம்மை வெட்டி ஒட்டி, காரின் முதுகில் கரி அடுப்பு கட்டி, அந்த வாயுவில் வண்டியை ஓட்டிக் காட்டினேன். இங்கிலீஷ் படித்த ஒரு இஞ்சினியர் வந்து பார்த்துவிட்டு, “இது வெடிக்கும்” என்றார். வெடிக்கவில்லை. அவரே பிறகு தன் வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தினார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் ஒன்றும் நடத்தினேன். ஹெட்மாஸ்டரும் நான்தான், பியூனும் நான்தான். அப்புறம் கிண்டியில் இரண்டாவது பட்டறை, லாரிகள். கை கொடுத்தவன் ஒருத்தன் இல்லை.

இதெல்லாம் இரும்பும் தகரமும். சாமான் இருந்தால் எவனும் கட்டலாம். நான் செய்ததிலேயே கஷ்டமானது, நான் செய்தபடியே கடைசி வரைக்கும் மாறாமல் நின்றது, ஒரு மனுஷியின் வலது கால்.

அவர்களை நான் டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டேன். பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை; இங்கேயும் சொல்லப்போவதில்லை. மயிலாப்பூரில் பிரசவம் பார்க்கிற டாக்டர். ஒல்லியாக, உயரமாக, நடக்கும்போது கொஞ்சம் முன்னால் சாய்ந்து, யாரையோ கூப்பிட்டு நிறுத்தப்போகிறவர்கள் மாதிரி நடப்பார்கள். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் காதில் வைக்கிற குழாயும் தயிர்சாத டப்பாவும் ஒன்றாகக் கிடக்கும். கல்யாணம் ஆகவில்லை. அபிராமபுரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தார்கள்.

அவர்கள் வாயில் நாள் முழுக்க ஒரே பேச்சு: “என் தப்பு.” மழை பெய்தால்கூட அவர்கள் தப்பு. என் சம்சாரத்துக்கு ஒரு தரம் விடாத ஜுரம். டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார்கள். இவள் கசக்கிறது என்று ஒவ்வொரு வேளையும் கொல்லைப்பக்கம் எறிந்திருக்கிறாள். ஜுரம் எப்படி இறங்கும்? கண்டுபிடித்து நான் கத்தியபோது டாக்டரம்மா என்னை நிறுத்தினார்கள்.

“கோச்சுக்காதீங்கோ மேஸ்திரி. கசக்கும்னு நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். என் தப்பு.”

அவர்கள் போனதும் என் சம்சாரம் படுத்தபடியே சிரித்தாள். “எமன் வந்து கதவைத் தட்டினாக்கூட, காக்க வெச்சது என் தப்புன்னு சொல்லும் இந்தம்மா.”

சிரித்தாளே தவிர, அன்றைக்கு ராத்திரியிலிருந்து மாத்திரையை ஒழுங்காக முழுங்கினாள். அதுதான் அந்தம்மாவின் வேலை. திட்டினால் திருப்பித் திட்டலாம். மன்னிப்புக் கேட்கிறவர்களை என்ன செய்ய முடியும்?

இப்படிப்பட்டவர்கள் என் பள்ளிக்கூடத்துக்குக் கார் ஓட்டக் கற்க வந்தார்கள். ஸ்டியரிங் சக்கரத்தின் முன்னால் உட்கார வைத்தால் என்ன ஆகும்? எதற்கெடுத்தாலும் பிரேக். கோழி வந்தால் பிரேக். கோழி வருமோ என்றால் பிரேக். மந்தைவெளிப் பக்கம் ஒரு வாத்துக் கூட்டம் கடந்து முடிகிற வரைக்கும் நின்றோம். கடைசி வாத்து திரும்பி வந்துவிட்டது, அதற்கும் நின்றோம். பெட்ரோல் வண்டியாக இருந்தால் பரவாயில்லை. என்னுடையது கரி வண்டி. நின்று நின்று போனால் அடுப்பு சோர்ந்துவிடும், இஞ்சின் செத்துவிடும். நான் இறங்கிப் பின்பக்கம் போய், காற்று ஊதுகிற கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி மறுபடியும் தணலைக் கிளப்ப வேண்டும். தெருவே கூடி நின்று வேடிக்கை பார்க்கும்.

“இன்னா நைனா, இட்லி வெந்துச்சா?” என்று கேட்பான் ஒருத்தன்.

டாக்டரம்மா இறங்கி அவனிடமே போய், “வழியை அடைச்சுண்டு நிக்கறேன், என் தப்பு” என்பார்கள். அவன் வெட்கப்பட்டுப் போய் வண்டியைத் தள்ளுவான்.

சைக்கிள்காரன் ஒருத்தன், நின்றுகொண்டிருந்த எங்கள் வண்டியில் தானாக வந்து மோதி விழுந்தான். கவனியுங்கள், நின்றுகொண்டிருந்த வண்டி. அவனுக்கு முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டே, “இந்த இடத்துல நிறுத்தினது என் தப்பு” என்கிறார்கள். அவனும் ஆமாம் ஆமாம் என்கிறான்! நான் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். அவர்கள் பார்வை என் கையைத் தடுத்தது.

அவர்களுக்கு எதற்குக் கார்? அதைச் சொல்ல வேண்டும். வடக்கே இமயமலைச் சரிவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே பிரசவத்துக்குப் பெண் டாக்டர் கிடையாது. மலைக்கிராமங்களில் பெண்கள் பிள்ளை பெற முடியாமல் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒரு வேன் இருந்தது. டிரைவர் பனிக்காலம் பிறந்தால் கீழே ஊருக்குப் போய்விடுவான், வர மாட்டான். ஆகவே வருகிற டாக்டர் பனியிலும் தானே வண்டி ஓட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மாவுக்கு அந்த வேலைதான் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

அண்ணனுக்கு இஷ்டம் இல்லை. பெரிய வக்கீல். கெட்டவர் இல்லை, தங்கை மேல் உயிர். என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

“இவ நம்மாத்து வாசல்ல வண்டியைத் திருப்பவே அரை மணி பண்றா. பனிமலைல ஓட்டறாளாம். நீர் சொல்லும் மேஸ்திரி. தை பொறந்தா கிளம்பணும்கறா. அதுக்குள்ள இவளால முடியும்னு நீர் சொன்னா அனுப்பறேன். முடியாதுன்னா இங்கேயே இருக்கட்டும். நீர் சொல்றதுதான்.”

யோசித்துப் பாருங்கள். மூன்றாம் வகுப்பு. ஜட்காக்காரன் பிள்ளை. மயிலாப்பூர் வக்கீல் வீட்டில் ஒரு டாக்டர் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பது என் வாயில் இருக்கிறது. எனக்குத் தலை கூரையில் இடித்தது.

“பனியா? நான் ஊட்டியில ஓட்டினவன் சாமி” என்று சொல்லிவிட்டேன்.

ஊட்டியில் ஓட்டினது நிஜம்தான். ஒரு வெள்ளைக்காரனுக்கு ஒரு குளிர்காலம் முழுக்க ஓட்டினேன். காலையில் புல்லின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும், வெயில் வந்ததும் போய்விடும். முழங்கால் உயரம் கொட்டிக் கிடக்கிற பனியை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அதைச் சொன்னால் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து போக வேண்டியதுதானே?

வெளியே வந்ததும் டாக்டரம்மா கேட்டார்கள்: “ஊட்டில அவ்வளவு பனி உண்டா மேஸ்திரி?”

“கொஞ்சம் கம்மி” என்றேன்.

“கேட்டது என் தப்பு” என்றார்கள். அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

சொன்ன பேச்சுக்கு வேலை செய்து காட்டுகிறவன் நான். பனிக்கட்டி எப்படி வழுக்குகிறது என்று பார்க்கச் சைதாப்பேட்டை மீன் சந்தைக்குப் போனேன். ஐஸ் கட்டிகளை உடைத்துக் கொட்டுகிற கிடங்கு ஒன்று அங்கே உண்டு. தரையெல்லாம் ஐஸ் தூள், மேலே மீன் தண்ணீர். உள்ளே நாலு எட்டு வைத்தேன், யாரோ கூப்பிட்டார்கள், சட்டென்று நின்றேன். அவ்வளவுதான். வேட்டியும் நானும் தனித்தனியாக விழுந்தோம்.

“அய்ய, இன்னாயா மீனோட மீனா படுத்துக்கினே? ஏலம் எடுக்கவா?” என்றாள் ஒரு கூடைக்காரி.

“கெய்ட்டு வஞ்சிரம், யாருக்கு வோணும்?” என்றாள் இன்னொருத்தி.

சிரித்துக்கொண்டே தலையில் கூடையோடு என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். விழுந்து கிடந்தபடியே அவர்கள் காலைப் பார்த்தேன். சின்னச் சின்ன எட்டு. ஒருத்தியும் சட்டென்று நிற்கவில்லை. வழியில் நான் கிடந்ததைப் பார்த்தும் நிற்கவில்லை, வளைந்து போனார்கள். நின்றவன் நான், விழுந்தவனும் நான். அங்கேயே பாடம் எழுதியாயிற்று: பனியில் நிறுத்தக்கூடாது, வளைக்க வேண்டும். பிரேக்கைத் தொடாதே. கியரை இறக்கு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை லேசாக எடு, வண்டி தானாகத் தளரட்டும். பிற்பாடு டாக்டரம்மா பனியில் ஓட்டிவிட்டு வந்து சொன்னார்கள், அங்கே பழகிய டிரைவர்களும் அதையேதான் சொன்னார்களாம். நான் மீன் கிடங்கில் விழுந்தே கண்டுபிடித்தேன்.

ஆனால் இதை யாருக்குச் சொல்லித் தருவது? வாத்துக்கு நிற்கிற அம்மாவுக்கு.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அடையாற்றங்கரையில், ஆறு கடலைப் பார்க்கிற பக்கம், ஒரு பெரிய களிமண் திடல் இருந்தது. மழை பெய்துவிட்டால் வெண்ணெய் தடவினது மாதிரி ஆகிவிடும். அதுதான் எங்கள் பனிமலை. முதல் வாரம் வண்டி பம்பரமாகச் சுற்றியது. பிரேக்கை மிதிப்பார்கள், பின்பக்கம் முன்னால் வந்து எட்டிப் பார்க்கும். “காலை எடுங்கம்மா” என்று கத்திக் கத்தி என் தொண்டை போனது. கால் கேட்கவில்லை. மனசு எப்படியோ அப்படித்தான் கால்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. அந்தக் காலத்து வண்டிகளில் பிரேக் மிதியிலிருந்து சக்கரம் வரைக்கும் ஒரே இரும்புக் கம்பிதான். நடுவில் ஒரு பின்னைப் பிடுங்கினால் போதும், மிதி வெறும் மிதி. பிடுங்கிவிட்டேன். கை பிரேக் மட்டும் என் பக்கம், என் கையில்.

“இனிமே மிதிச்சாலும் ஒண்ணும் கிடையாது. பிரேக்குன்னு ஒண்ணு உலகத்துலயே இல்லன்னு நெனச்சிக்கினு ஓட்டுங்க” என்றேன்.

அவர்கள் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் ஓட்டினார்கள். மிதித்து மிதித்துப் பார்த்து, ஒன்றும் நடக்காமல், அந்தக் கால் கொஞ்சம் கொஞ்சமாக மறந்தது. ஒவ்வொரு விடியற்காலையும் கரித்தூள் படிந்த வெள்ளைப் புடவையோடு அந்தக் களிமண்ணில் எட்டுப் போட்டார்கள். கார்த்திகை பாதியில் பார்க்க வேண்டுமே! கியரை இறக்குவது காதில் விழாது. வண்டி வழுக்கினால் கை தானாக அந்தப் பக்கமே திரும்பி மீட்டுக்கொண்டு வரும். வலது கால் மேலே தூக்கினபடி, பிரேக் பக்கம் போகவே போகாது.

கடைசிப் பரீட்சையாக நான் என்ன செய்தேன் தெரியுமா? வண்டி வருகிற வழியில் நானே போய் நின்றேன்.

நேராக வந்தார்கள். கால் போகவில்லை. என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி வளைத்துக்கொண்டு போய், கொஞ்ச தூரத்தில் வண்டி தானாக நின்றது. நான் கைதட்டிக்கொண்டே ஓடினேன். டாக்டரம்மா சக்கரத்தின் மேல் தலையைச் சாய்த்து அழுதுகொண்டிருந்தார்கள்.

“ஆள் நின்னாக்கூட நிறுத்தக் கூடாதா மேஸ்திரி?”

“பனியில கூடாது.”

“இங்க, மெட்ராஸ்ல?”

“மெட்ராஸ்ல பிரேக்கைத் திரும்ப மாட்டிடப்போறேன். காய்ஞ்ச ரோடு. அது தானா வந்துடும்மா” என்றேன்.

தானா வந்துடும். நான் சொன்ன வார்த்தை. ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்துத்தான் எந்தக் குதிரையும் நிற்கவே கற்றுக்கொள்ளும் என்று என் அப்பன் சைதாப்பேட்டை லாயத்தில் எத்தனை தரம் காட்டியிருப்பான்! ஓடுவதை ஒரு தரம், நிற்பதை ஒரு தரம், தனித்தனியாகப் பழக்குவான். நான் ஓடுவதை மட்டும் பழக்கிவிட்டு, நிற்பது தானாக வரும் என்றேன்.

மறுநாள் பின்னை மாட்டினேன். நானே மாட்டினேன், மிதித்தும் பார்த்தேன். பிரேக் சுத்தமாகப் பிடித்தது. இதை யாரும் சந்தேகப்பட வேண்டாம். அண்ணனுக்கு ஓட்டிக் காட்டலாம் என்று பட்டறையிலிருந்து கிளம்பினோம். மழை விட்டு நல்ல வெயில். கோழிகள், நாய்கள், சைக்கிள்கள் எல்லாவற்றையும் அழகாக வளைத்துக்கொண்டு போனார்கள். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நான் பின்னால் சாய்ந்து மீசையைத் தடவிக்கொண்டு வந்தேன்.

லஸ் முனையில் ஒரு ஜட்கா குறுக்கே திரும்பியது. எங்கள் கரி அடுப்பின் நாற்றமோ சத்தமோ, குதிரை மிரண்டு நடு ரோட்டில் அப்படியே நின்றுவிட்டது. இந்தப் பக்கம் டிராம், அந்தப் பக்கம் நடைபாதைக் கடை. வளைக்க இடமில்லை. மிதித்தால் நின்றிருக்கும். டாக்டரம்மா கியரை இறக்கினார்கள். நேர்த்தியாக இறக்கினார்கள். வலது கால் மேலே தூக்கினபடியே நின்றது.

கை பிரேக் என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. அந்த நொடியில் என் மனசில் முதலில் வந்தது பயம் இல்லை. ‘பார், கால் போகல்ல!’ என்று ஒரு சந்தோஷம். அது முடிந்துதான் பயம் வந்தது. கை நீட்டினேன். அதற்குள் முன்பக்கத்து மட்கார்டு குதிரையின் முன்னங்காலில் போய் இறங்கிவிட்டது.

பெரிய வேகம் இல்லை. மனுஷனாக இருந்தால் மாவுக்கட்டுப் போட்டுப் பிழைத்திருப்பான். குதிரைக்குக் கால் போனால் உயிர் போனது மாதிரிதான். ஜட்காக்காரர் காதர் பாய், எனக்குச் சின்ன வயசிலிருந்து தெரிந்தவர். என் அப்பனோடு ஒரே வரிசையில் வண்டி நிறுத்தினவர். கீழே விழுந்து கிடந்த குதிரையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் கண்ணில் ஈ உட்காராமல் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா ரோட்டில் உட்கார்ந்து, முந்தானையைக் கிழித்து, குடைக்கம்பை வைத்து அந்தக் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“உடுங்கம்மா. இது இனிமே எய்ந்துக்காது” என்றார் பாய்.

“இல்ல பாய், கொஞ்சம் பிடிச்சுக்கோங்கோ. எலும்பு நேராத்தான் இருக்கு.”

“எனக்குத் தெரியும்மா. நீங்க கைய எடுங்க. அதுக்கு வலிக்குது.”

கையை எடுத்துவிட்டார்கள். “என் தப்பு பாய்” என்றார்கள். ஆயிரம் தரம் கேட்ட வார்த்தைதான். அன்றைக்கு அது வேறு குரலில் வந்தது.

போலீஸ்காரர் வந்தார். “யார் மேலே தப்பு?” என்றார்.

“என் மேல” என்றார்கள் டாக்டரம்மா.

“இல்லைய்யா, என் மேல” என்றேன் நான். “பிரேக்கு போடாதேன்னு நான்தான்யா இந்தம்மாவுக்குப் பயக்கம் பண்ணேன்.”

“பிரேக்கு போடாதேன்னு எவனாவது சொல்லித் தருவானா? குடிச்சுக்கீறியா?”

“ஊதிக் காட்டவாய்யா? பனியில ஓட்டறதுக்குய்யா!”

அவர் வானத்தைப் பார்த்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கூட்டம் சிரித்தது. “காசு வாங்கிக்கினு பழி ஏத்துக்குறாம்பா” என்றான் ஒருத்தன். நான் அவன் மேல் பாய்ந்தேன். டாக்டரம்மா குறுக்கே வந்து போலீஸ்காரரிடம் சொன்னார்கள்: “சக்கரம் என் கையில இருந்தது. கால் என்னோடது. இவர் சும்மா உக்காந்துண்டிருந்தார்.”

சும்மா உட்கார்ந்திருந்தேனாம்! என் வாழ்நாளில் யாரும் என்னை இவ்வளவு கேவலப்படுத்தினதில்லை. அவர்களோ என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டார்கள்.

மிருக வைத்தியர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது பாய் திரும்பவில்லை, டாக்டரம்மாவும் திரும்பவில்லை. நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன். பாய்க்கு வேறு குதிரை டாக்டரம்மாதான் வாங்கிக் கொடுத்தார்கள். என் பங்கைக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கவில்லை. பாயிடம் போனேன். அவர் என்னை உட்கார வைத்து டீ கொடுத்தார். “அந்தம்மா ஒத்துக்கினாங்க நைனா. தெனம் வந்து புதுக் குதிரைக்குப் புல்லு போட்டுட்டுப் போறாங்க. நீ எதுக்கு நடுவுல பூர்றே?” என்றார். எங்கே போனாலும் அந்தக் குதிரையில் எனக்கு ஒரு முடிகூடக் கிடைக்கவில்லை.

தை நெருங்கியது. டாக்டரம்மா போகவில்லை என்று சொல்லிவிட்டார்கள். வண்டியைத் தொட மாட்டேன் என்றார்கள். அண்ணன் மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தரம் நான் நாற்காலியில் உட்காரவில்லை.

“போட்டும்னு சொல்லுவீரா, வேண்டாம்னு சொல்லுவீரா?”

தங்கை போகாவிட்டால் அவருக்குச் சந்தோஷம்தான். இருந்தும் கேட்டார். நியாயஸ்தர். டாக்டரம்மா கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்துப் பேசினேன்.

“அம்மா, இந்தக் கால் இனிமே இந்த ஊருக்கு ஆவாது. அதைப் பனிக்குன்னே செஞ்சாச்சு. அங்க போனா நாலு பொம்பளைங்க பொயைப்பாங்க. இங்கயே குந்திக்கினு இருந்தா செத்த குதிரை ஒண்ணுதான் மிச்சம்.”

“அங்கேயும் ஏதாவது ஆச்சுன்னா மேஸ்திரி?”

“ஆவாது. நான் சொல்றேன்.”

இதையும் நான்தான் சொன்னேன். ‘தானா வந்துடும்’ என்று சொன்ன அதே வாய். ராத்திரி எல்லாம் தூக்கம் இல்லாமல், பனியையே பார்க்காத நான், பனியில் ஒரு வேன் உருண்டு உருண்டு கீழே போவதைப் பார்த்தேன். ஆனால் அவர்கள் போனார்கள். சென்ட்ரலில் ரயில் நகரும்போது ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு என்னமோ சொன்னார்கள். சத்தத்தில் கேட்கவில்லை. என்ன சொல்லியிருப்பார்கள் என்று கேட்டா தெரிய வேண்டும்?

அப்புறம் நான் அவர்களைப் பார்த்தது சுதந்திரம் வந்த பிறகு, அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வந்தபோது. பஸ்ஸில் வந்து இறங்கிப் பட்டறைக்கு நடந்து வந்தார்கள். முகமெல்லாம் குளிரில் வெடித்துக் கறுத்திருந்தது. என் சம்சாரம் கொடுத்த காப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள், அங்கே பழகின பழக்கம். பனி எப்படி இருக்கும் என்று கேட்டேன். “உங்க களிமண்ணுதான் மேஸ்திரி, வெள்ளையா” என்றார்கள்.

ஒரு பனிக்காலத்தில், வயிற்றில் பிள்ளை குறுக்கே திரும்பிவிட்ட ஒரு பெண்ணை வேனில் போட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கீழே ஆறு. வளைவில் திரும்பினால் நடுவில் ஆட்டு மந்தை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பவுண்டர், “பிரேக், பிரேக்” என்று அலறியிருக்கிறார். மிதித்திருந்தால் ஆற்றில்தான். கால் போகவில்லை. கியர் இறங்கியது. பாறைப் பக்கமாக உரசிக்கொண்டு, வேன் தானாகத் தளர்ந்து, ஆடுகளுக்கு முன்னால் நின்றது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

“அது உங்க வித்தை. அங்க எல்லார்ட்டயும் உங்க பேரைச் சொல்லியிருக்கேன்” என்றார்கள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்! நானும் மீசையைத் தொட்டேன். தொட்ட கை நின்றுவிட்டது.

“அந்தக் குதிரை?” என்றேன்.

காப்பியைக் கீழே வைத்தார்கள். “அது என்னோடது மேஸ்திரி.”

“அது எப்படிம்மா? மலையில தூக்கின கால் என்னுது, லஸ்ஸுல தூக்கின கால் மட்டும் உங்களுதா? ரெண்டும் ஒரே கால்தானே? நான் செஞ்ச கால்தானே? கை பிரேக்கு என் கையாண்ட இருந்திச்சு. நான் பாத்துக்கினே இருந்தேன், சந்தோஷமா. அன்னைக்கே சொன்னேன் இல்ல?”

“சொன்னீங்க.”

“அப்போ பாதியாவது குடுங்க.”

அவர்கள் எழுந்து, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “உங்களுக்குச் சொமை ஜாஸ்தி. குடும்பஸ்தர். எனக்கு இது ஒண்ணுதானே இருக்கு, இருக்கட்டும்” என்றார்கள். போய்விட்டார்கள். மறுபடியும் பஸ்ஸில்தான். இந்த ஊரில் அவர்கள் பிறகு சக்கரத்தையே தொடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அவர்கள் மலையிலேயே காலமாகிப் பல வருஷம் ஆகிறது. இப்போது அண்ணன் பிள்ளைகள், அவர்களே தலை நரைத்தவர்கள், அத்தையைப் பற்றிச் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறார்களாம். பனியில் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையை எழுதிக் கொடுங்கள் என்று என் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். லஸ் முனை விஷயம் வேண்டாம், விட்டுவிடலாம் என்றார்கள். அத்தைக்கு மரியாதை இல்லையாம்.

விடக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். குதிரையை விட்டால் அது மறுபடியும் அவர்கள் ஒருத்தர் தலையில்தான் போய் உட்காரும்; தெரிந்தவர்கள் இன்னும் மயிலாப்பூரில் இருக்கிறார்கள், குதிரையைக் கொன்ற டாக்டர் என்றுதான் பேசுகிறார்கள். அதனால் தம்பிகளா, மலையில் வேன் நின்றதையும் போடுங்கள், லஸ்ஸில் வண்டி நிற்காததையும் போடுங்கள். இரண்டிலும் என் பேரை முழுசாக, தகப்பன் பேரோடு, பெரிய எழுத்தில் போடுங்கள். இரண்டு இடத்தில் போட இடமில்லை, ஒரு இடம்தான் உண்டு என்று சொல்வீர்களானால், பனியில் வேண்டாம். குதிரையில் போடுங்கள்.